ஆசைக்கு ஒரு பெருங்குழல் ரைஃபிள்: வீலனா, டெய்லரா, லாட்டா?

அமெரிக்காவில் சில வருடம் வேட்டைக்குப் போய்ப் பழகியவரின் இரும்புப் பெட்டியில் என்ன இருக்கும் என்று திறக்காமலே சொல்லிவிடலாம். மானுக்கு .308 அல்லது 30-06 தோட்டா போடும் ரைஃபிள் ஒன்று, வாத்துக்கு ஒரு ஷாட்கன், பயிற்சிக்கு ஒரு .22. டெக்சாஸ் காட்டுப்பன்றியிலிருந்து கொலராடோவின் எல்க் என்ற பெரிய மான் வரைக்கும் அந்த 30-06 ஒன்றே போதும். இதற்கு மேல் பத்தரை, பதினொன்றரை மில்லிமீட்டர் குழல் கொண்ட ரைஃபிள் ஒன்றை, அதுவும் சாதாரணக் கடையில் தோட்டாவே கிடைக்காத ஒன்றை, சொந்தமாகக் கட்டிக்கொள்ள நியாயமான காரணம் எதுவும் கிடையாது. கட்டுகிறவர்களும் அப்படி ஒரு காரணம் இருப்பதாகப் பெரிதாக வாதாடுவதில்லை. ஆசை, அவ்வளவுதான்.

ஆனால் ஆசைக்குச் செய்வதிலும் நல்ல தேர்வு, மோசமான தேர்வு உண்டு. மோசமான தேர்வின் அடையாளம் சுலபம்: கட்டி முடித்து முதல் மாதம் எல்லாருக்கும் காட்டியபின் அந்த ரைஃபிள் பெட்டியைவிட்டு வெளியே வராது. தோட்டா செய்வது பெரும்பாடு, அல்லது சுட்டால் தோள் தாங்கவில்லை, அல்லது மூன்றாவது தோட்டா மேகசினில் சிக்குகிறது. ஆகவே சக்தியை மட்டும் வைத்து ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் மோகம் அடங்கிய பிறகும் எடுத்துச் சுடத் தோன்றுமா என்பதுதான் என் அளவுகோல்.

இப்படிப்பட்ட ரைஃபிளுக்கான தோட்டாவை வைல்ட்கேட், அதாவது காட்டுப்பூனை, என்பார்கள்: தொழிற்சாலைத் தரம் இல்லாத தோட்டா. அமெரிக்காவில் தோட்டா அளவுகளையும் அழுத்த வரம்பையும் வகுப்பது எஸ்ஏஏஎம்ஐ என்ற தொழில் அமைப்பு, 1926-இலிருந்து இருக்கிறது. அதன் பட்டியலில் இல்லாத ஒன்றை, ஏற்கெனவே இருக்கும் பித்தளைக் கூட்டின் வாயை விரித்தோ நெரித்தோ, தோளை (வாய்க்குக் கீழே கூடு ஒடுங்கும் சரிவை) தள்ளியோ யாராவது செய்தால் அது வைல்ட்கேட். தோட்டாவை நீங்களே ரீலோட் செய்துகொள்ள, அதாவது கூட்டில் வெடிமருந்தும் குண்டும் சேர்த்துக்கொள்ள, வேண்டும். பெரிய ஆய்வகம் அழுத்தம் அளந்து வெளியிட்ட மருந்துக் கணக்கு சிலவற்றுக்கு உண்டு, பலவற்றுக்குக் கிடையாது. இணையத்தில் யாரோ எழுதிய கணக்கை அப்படியே நம்பி மருந்து அளப்பது விரலோடும் கண்ணோடும் விளையாடுவது. இந்த ஒரு விஷயமே பல வினோதத் தோட்டாக்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறது.

நம்மவர்களுக்கு இன்னொரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எச்-1பி போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. உரிமம் காலாவதியானால் விலக்கும் போயிற்று. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டங்கள் தனி. அவை கலிஃபோர்னியாவில் ஒரு மாதிரி, டெக்சாஸில் வேறு மாதிரி. ஊரில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு இது படிப்பதற்கு மட்டும்தான். 1959-இன் ஆயுதச் சட்டமும் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இந்தியாவில் இப்படி ஒரு பொழுதுபோக்குக்கு வழி விடவில்லை.

பெயரிலிருந்து தொடங்காதீர்கள்

பெரும்பாலானோர் ஒரு பெயரைக் கேட்டு மயங்கித் தொடங்குகிறார்கள். யாரோ ஒரு கர்னல், ஒரு எருமை, ஒரு கதை. அப்புறம் அந்தப் பெயருக்கேற்ற, தோட்டாவை ஏற்றிப் பூட்டும் இயந்திரப் பகுதியான ஆக்‌ஷனைத் தேடி, கூட்டைத் தேடி, கடைசியில் குண்டைத் தேடுகிறார்கள். நான் தலைகீழாகப் போகச் சொல்வேன். முதலில் குண்டின் விட்டம், பிறகு மேகசின் பெட்டியின் நீளம், பிறகு கூடு. இந்த மூன்றும் தீர்ந்தால் பெயர் தானாக வந்து நிற்கும்.

குண்டிலிருந்து ஏன்? பித்தளைக் கூட்டை நெரிக்கலாம், விரிக்கலாம், வெட்டலாம். வேட்டைக் குண்டை அப்படி வீட்டில் செய்ய முடியாது. தடித்த தோலையும் எலும்பையும் தாண்டிப் போகும் குண்டு வேண்டுமென்றால் பார்ன்ஸ், ஸ்விஃப்ட், ஹார்னடி போன்றவர்கள் என்ன விட்டத்தில் செய்கிறார்களோ அதைத்தான் வாங்க முடியும். .416 அங்குலம், அதாவது 10.6 மி.மீ. விட்டத்தில் நல்ல குண்டுகள் நிறைய உண்டு. .458-இல், அதாவது 11.6 மி.மீ.-இல், இன்னும் அதிகம். 1873-இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த 45-70 தோட்டாவும் அதே விட்டம் என்பதால் மலிவான ஈயக் குண்டுகள்கூடத் தாராளமாகக் கிடைக்கும். .411-க்கு வந்தால் கடையில் ஒன்றிரண்டு வகைதான். .416-க்கும் .411-க்கும் இடையே வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் அலமாரியில் அது பெரிய பள்ளம்.

விட்டங்கள் இப்படித் தாறுமாறாக இருப்பதற்கு வரலாறு காரணம், அதில் ஒரு பகுதி இந்தியாவுடையது. இந்தியாவிலும் சூடானிலும் கலகக்காரர்கள் கையில் ராணுவத் தோட்டா சிக்கிவிடும் என்று பயந்து 1907-இல் பிரிட்டிஷ் அரசு .450 வகை ரைஃபிள்களின் இறக்குமதியைத் தடை செய்தது. அப்போது இந்தியா அவர்களுடைய வேட்டைத் துப்பாக்கிகளுக்குப் பெரிய சந்தை. உடனே பிரிட்டிஷ் துப்பாக்கிக்காரர்கள் .465, .470, .475, .476 என்று தடையைத் தாண்டிய விட்டங்களைக் கொண்டுவந்தார்கள். பின்னாளில் 1990-ஐ ஒட்டி அமெரிக்காவில் வந்த .470 கேப்ஸ்டிக் தோட்டாவும் அதே .475 அங்குலக் குண்டைத்தான் போடுகிறது. பாலிஸ்டிக்ஸ் கணக்கில் பிறந்த விட்டம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். பிறந்த இடம் சுங்கச்சாவடி.

சரி, மூன்று வேட்பாளர்கள்: .400 வீலன், .416 டெய்லர், .458 லாட்.

.400 வீலன்: கையில் 30-06 இருப்பவருக்கு

டவுன்ஸெண்ட் வீலன் அமெரிக்க ராணுவ அதிகாரி. 1920-களின் தொடக்கத்தில் பிலடெல்ஃபியாவின் ஃபிராங்ஃபோர்ட் ஆயுதச்சாலையில் பொறுப்பில் இருந்தவர். அங்கே கருவிப் பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஹவ் அவருக்குக் கைகொடுத்தார். 30-06 கூட்டின் வாயைப் பெரிதாக்கி .35 வீலன், .400 வீலன் என்று வந்தவை அந்தக் காலத்தவை. .35 வீலன் 1980-களின் பிற்பகுதியில் ரெமிங்டன் கைக்குப் போய்த் தொழிற்சாலைத் தோட்டா ஆகிவிட்டது. .400 இன்னும் காட்டுப்பூனையாகவே திரிகிறது.

இதன் கவர்ச்சி செலவில்தான். சாதாரண 30-06 ஆக்‌ஷன் எதுவானாலும் போதும். தோட்டாவின் அடியைத் தாங்கும் போல்ட் முகத்தைத் தொட வேண்டாம், மேகசினைத் தொட வேண்டாம். குழலை மாற்றி, தோட்டா உட்காரும் அறையான சேம்பரை வெட்டினால் வேலை பெரும்பாலும் முடிந்தது. 350 கிரெய்ன், அதாவது 22.7 கிராம் குண்டு நொடிக்கு 640 மீட்டர் வேகத்தில் போனால் கிட்டத்தட்ட 4,600 ஜூல். அலாஸ்காக் கரடிக்குக்கூட அது குறைச்சல் இல்லை. எட்டரை பவுண்டு, அதாவது 3.9 கிலோ ரைஃபிளில் உதை நான் கணக்குப் போட்டவரை 35 அடி-பவுண்டு அளவில் நிற்கிறது. 30-06-இல் அது 20. தாங்கலாம்.

சிக்கல் தோளில் இருக்கிறது. உங்கள் தோளில் இல்லை, கூட்டின் தோளில். போல்ட்டை மூடியதும் தோட்டா முன்னே பின்னே நகராமல் ஏதாவது ஒன்று பிடித்து நிறுத்த வேண்டும். இதைத்தான் ஹெட்ஸ்பேஸ் என்கிறார்கள். 30-06 குடும்பத்தில் கூட்டின் தோள்தான் அந்த வேலையைச் செய்கிறது. வாயை .411 அளவுக்கு விரித்துவிட்டால் தோள் என்று சொல்லிக்கொள்ள மெல்லிய படி ஒன்றுதான் மிஞ்சும். பிடி சரியாக இல்லாவிட்டால் ஊசி அடிக்கும்போதே தோட்டா முன்னால் நழுவும், சுட்டதும் கூடு நீண்டு அடிப்பக்கம் கிழியலாம். வாய் நெரிக்காத நேர் கூட்டிலிருந்து தொடங்கி மேலிருந்து நெரித்தால் தோளைக் கொஞ்சம் அகலமாக வைத்துக்கொள்ள முடியும். கடையில் வாங்கிய 30-06 கூட்டை அப்படியே விரித்தால் தோள் சன்னமாகிவிடுகிறது. .400 வீலன் ஆபத்தானது என்று பல பத்தாண்டுகளாக ஒட்டிக்கொண்ட கெட்ட பெயருக்கு இந்தக் குறுக்குவழி பெரிய காரணம். ரீமர் (சேம்பர் வெட்டும் கருவி), டை (கூட்டை வடிவமைக்கும் அச்சு), கூடு மூன்றும் ஒரே வரைபடத்தைப் பின்பற்றினால் பிரச்சினை இல்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த ஒரே வரைபடத்தைக் கட்டிக் காப்பாற்ற வேண்டியவர் நீங்கள்.

அதோடு .411 குண்டு. 1904-இல் வின்செஸ்டர் கொண்டுவந்த .405 தோட்டாவின் விட்டம் அது. 1909-இல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனதால் புகழ்பெற்றது. அந்தப் புகழின் தயவில் ஹார்னடியின் 300 கிரெய்ன் குண்டு கிடைக்கிறது. அதற்கு மேல் கனம் வேண்டுமென்றால் சின்னப் பட்டறைகளைத் தேடிப் போக வேண்டும்.

நுணுக்கத்தில் கிறுக்கு உள்ளவருக்கு, லேத்துக்குப் பக்கத்தில் நிற்பதே சந்தோஷம் என்பவருக்கு, வீலன் பொருத்தமாக இருக்கும். சுடுவதில் சந்தோஷம் தேடுபவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

.416 டெய்லர்: நடுவில் நிற்பது

1956-இல் வின்செஸ்டர் .458 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவைக் கொண்டுவந்தது. அதன் பெரிய சாமர்த்தியம் நீளத்தில் இருந்தது. 1912-இன் .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கூட்டின் அடிப்பகுதியை எடுத்து 63.5 மி.மீ.-க்குக் குறுக்கினார்கள், தோட்டா 30-06 நீள ஆக்‌ஷனிலேயே உட்கார்ந்துவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் ராபர்ட் சாட்ஃபீல்ட்-டெய்லர் அதே கூட்டின் வாயை .416-க்கு நெரித்தார். இவ்வளவுதான் .416 டெய்லர். 400 கிரெய்ன், அதாவது 26 கிராம் குண்டு நொடிக்கு 700 மீட்டர், ஏறத்தாழ 6,350 ஜூல்.

வீலனில் பார்த்த தொல்லை எதுவும் இங்கே இல்லை. ஹாலண்ட் கூட்டின் அடியில் பெல்ட் என்ற தடித்த வளையம் உண்டு; தோட்டாவைப் பிடித்து நிறுத்துவது அதுதான். அது போதாதென்று டெய்லருக்கு நல்ல தோளும் இருக்கிறது, ரீலோட் செய்பவர் விரும்பினால் அதையே பிடிமானமாக்கிக்கொள்ளலாம். கூடு செய்வதும் சுலபம்: .458 கூட்டை ஒரு தடவை டைக்குள் விட்டு எடுத்தால் வந்துவிடும். புட்டி மாதிரிக் கழுத்து இருப்பதால் மேகசினிலிருந்து சேம்பருக்குள் வழுக்கிக்கொண்டு போகும். நேர் கூடுகளைவிட இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

கவனிக்க வேண்டியது கூட்டின் அடியில் பொறித்த எழுத்து. .458 கூட்டிலிருந்து செய்த டெய்லர் தோட்டாவின் அடியில் ".458 வின்செஸ்டர் மேக்னம்" என்றே இருக்கும். ஒரே மேஜையில் இரண்டு வகையும் கிடந்தால் கழுத்தின் வடிவத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும், எழுத்து உதவாது. டப்பாவின் மேல் தடித்த பேனாவால் எழுதி வையுங்கள். குழலின் மேல் தோட்டாப் பெயரைப் பொறிக்கச் சொல்வதும் கட்டாயம். ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப் போகிறவருக்கு இது இன்னொரு தலைவலி: அனுமதிச் சீட்டில் ஒரு பெயர், தோட்டாவின் அடியில் வேறு பெயர் என்றால் எல்லைச் சோதனையில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

நேர்மையாகச் சொன்னால் டெய்லரின் வாதத்தை ரூகர் துப்பாக்கி நிறுவனம் உடைத்துவிட்டது. 2008-இல் வந்த .416 ரூகர் அதே நீள ஆக்‌ஷனில், அதே குண்டை, அதே வேகத்தில் அல்லது ஒரு படி கூடுதலாகத் தள்ளுகிறது. பெல்ட்டும் இல்லை, தோட்டாவும் கடையில் வாங்கிக்கொள்ளலாம். உபயோகம் என்று மட்டும் பார்த்தால் ரூகரை வாங்கிவிட்டு இந்தக் கட்டுரையை மூடிவிடலாம். ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது உபயோகத்தைப் பற்றி இல்லையே. பழைய ராணுவ மௌசர் ரைஃபிள் ஒன்று வீட்டில் கிடக்கிறது, அதை ஒரு .416 ஆக்க வேண்டும் என்று தோன்றினால் டெய்லர் மிக அடக்கமான வழி.

.458 லாட்: காட்டுப்பூனையாக இருந்து வீட்டுக்குள் வந்தது

1959-இல் மொசாம்பிக்கில் ஜேக் லாட் என்ற அமெரிக்க வேட்டைக்காரரை ஒரு காட்டெருமை தூக்கி எறிந்தது. கையில் இருந்தது .458 வின்செஸ்டர். அந்தத் தோட்டாவின் குறுகிய கூட்டுக்குள் மருந்தை நெருக்கி அடைக்க வேண்டியிருந்தது. ஆரம்ப காலத் தோட்டாக்கள் விளம்பரத்தில் சொன்ன வேகத்தைத் தொடவில்லை, சில சமயம் மருந்து கட்டிதட்டிச் சரியாக எரியவும் இல்லை என்ற புகார் ஆப்பிரிக்காவில் பரவலாக இருந்தது. உயிர் பிழைத்த லாட், 1971-இல் .375 ஹாலண்ட் கூட்டை 71 மி.மீ. நீளத்தில் வைத்து வாயை .458-க்கு விரித்தார். 500 கிரெய்ன், அதாவது 32.4 கிராம் குண்டு, நொடிக்கு 700 மீட்டர், ஏறத்தாழ 7,950 ஜூல். நீண்ட காலம் வைல்ட்கேட்டாக இருந்தது. 2002-இல் ஹார்னடி தோட்டாவும் ரூகர் ரைஃபிளும் வந்தபின் முழுத் தொழிற்சாலைச் சரக்கு ஆகிவிட்டது.

அப்படியானால் அது இந்தப் பட்டியலில் எதற்கு? கடைத் தோட்டா கிடைக்கும் பழைய வைல்ட்கேட் என்பதே அதன் பெரிய பலம். லாட் சேம்பருக்குள் .458 வின்செஸ்டர் தோட்டாவையும் போட்டுச் சுடலாம். பெல்ட் அதைப் பிடித்துக்கொள்ளும். .38 ஸ்பெஷல் தோட்டாவை .357 ரிவால்வரில் சுடுவதற்கு நிகரான ஏற்பாடு. விமானத்தில் பயணிக்கு 5 கிலோ தோட்டாதான் அனுமதி. லாட் தோட்டாவில் அது சுமார் தொண்ணூறுதான் வரும். அந்தப் பெட்டியும் வழியில் தொலைந்தால் ஜோஹன்னஸ்பர்க்கில் .458 ஏதாவது ஒன்று கிடைக்கும். டெய்லரோ வீலனோ தொலைந்தால் வாடகைத் துப்பாக்கிதான். நமீபியாவில் எருமை, யானை வகைக்குக் குறைந்தது 5,400 ஜூல் வேண்டும் என்று விதி. வீலன் அங்கே வாசலிலேயே நின்றுவிடும், மற்ற இரண்டும் தாண்டிவிடும்.

.458 வின்செஸ்டர் ரைஃபிள் ஒன்று ஏற்கெனவே இருந்தால் சேம்பரை ஆழப்படுத்தி லாட் ஆக்கும் வழி உண்டு. ஆனால் அது மேகசின் நீளம் இடம் கொடுத்தால்தான். லாட் தோட்டாவின் முழு நீளம் 91.4 மி.மீ., 30-06 வகை 84.8 மி.மீ. இந்த ஆறரை மில்லிமீட்டரைக் கணக்கில் எடுக்காமல் சேம்பரை வெட்டியவர்கள் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் திணித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உதைக்கு வருவோம். பத்து பவுண்டு, அதாவது 4.5 கிலோ ரைஃபிளில் லாட் கிட்டத்தட்ட 70 அடி-பவுண்டு. 30-06-ஐப் போல் மூன்றரை மடங்கு. டெய்லர் கொஞ்சம் இலேசான ரைஃபிளில் 48 பக்கம் நிற்கும். எண்ணாகப் பார்த்தால் தெரியாது. 48-ஐ நின்றுகொண்டு சுட்டால் பத்து ரவுண்டு வரை பழகிவிடலாம். 70-இல் மூன்றாவது ரவுண்டிலேயே கண் தானாக மூடிக்கொள்ளும், நான்காவதில் விரல் இழுக்கிறது, குறி போகிறது. குழல் முனையில் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் மஸல் பிரேக் போட்டால் உதை குறையும், சத்தம் கூடவே நிற்பவரின் காதைப் பதம் பார்க்கும். ஆப்பிரிக்க வழிகாட்டிகள் பலருக்கு அது பிடிக்காது.

இதற்கு லாட்டிலேயே ஒரு மருந்து இருக்கிறது. 45-70 காலத்து ஈயக் குண்டை மெதுவான வேகத்தில் போட்டுச் சுடலாம். ரீலோடிங் கையேடுகளில் இதற்கான கணக்குகள் அச்சில் உண்டு. சனிக்கிழமை காலையில் அப்படி ஐம்பது ரவுண்டு சுட்டுவிட்டு, முழு வேகத் தோட்டா இரண்டு மட்டும் கடைசியில் சுட்டு வீட்டுக்குப் போகலாம். .416-க்கு ஈயக் குண்டு கிடைக்காமல் இல்லை, ஆனால் இவ்வளவு தாராளமாக இல்லை. ஆசைக்கு வாங்கிய ரைஃபிளுக்கு இது சின்ன விஷயம் கிடையாது. என் மனம் லாட் பக்கம் சாய்வதற்கு எருமைக் கதையைவிட இந்த ஈயக் குண்டுதான் காரணம்.

இதைவிடப் பெரியவை நிறைய உண்டு. .460 வெதர்பி கூட்டை விரித்தவை, .416 ரிக்பி கூட்டில் செய்தவை, 1993-இன் .577 டைரனோசர் வரை. 1968-இன் துப்பாக்கிச் சட்டப்படி அரை அங்குலத்துக்கு மேற்பட்ட குழல், விளையாட்டுக்கானது என்ற விலக்கு கிடைக்காவிட்டால், வெடிகுண்டு வரிசையில் போய்ச் சேரும். உதை நூறு அடி-பவுண்டைத் தாண்டும். வேடிக்கை பார்க்க நல்லது, அடுத்தவருடையதாக இருந்தால் இன்னும் நல்லது.

எதன் மேல் கட்டுவது

தோட்டா முடிவானபின் பணம் போகும் இடம் ஆக்‌ஷன். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் வரிசை எண் பொறித்த ரிசீவர், அதாவது போல்ட் ஓடும் உடல்தான் துப்பாக்கி. அதை உரிமம் பெற்ற கடை வழியாக, 4473 படிவம் நிரப்பி வாங்குவது வழக்கமான பாதை. குழலும், தோளில் வைக்கும் மரக்கட்டையும் உதிரி பாகம்தான்.

1898-இன் மௌசர் இன்றைக்கும் மன்னன். எக்ஸ்ட்ராக்டர் என்ற அகலமான கொக்கி, மேகசினைவிட்டுக் கிளம்பும்போதே தோட்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தாலும் தோட்டா கீழே விழாது. டெய்லர் நீளம் அதற்குக் கச்சிதம். போல்ட் முகத்தை 12 மி.மீ.-இலிருந்து பெல்ட் கூட்டின் 13.5 மி.மீ.-க்குத் திறக்க வேண்டும், தோட்டா ஏறும் பாதையைச் சீர்செய்ய வேண்டும். ஆனால் அதே ராணுவ மௌசரை லாட் நீளத்துக்கு இழுக்கப் போனால் முன்பக்கம் போல்ட்டின் கீழ்ப் பூட்டுப்பல்லை (லக்) தாங்கும் உலோகத்தைச் சுரண்ட வேண்டியிருக்கும். முழு அழுத்தத்தையும் தாங்குகிற இடம் அது. முடியும் என்று சொல்லும் கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி வேலைக்காரர், கிடைப்பார். நான் வேறு ஆக்‌ஷன் பார்ப்பேன்.

லாட்டுக்கு ஏற்றது சிஇஸட் 550 மேக்னம் அல்லது அதற்கு முந்தைய பிர்னோ 602. .416 ரிக்பியையே விழுங்குகிற நீளம், மௌசர் மாதிரிப் பிடிமானம். இப்போது உற்பத்தி இல்லை, பழைய சந்தையில்தான் பார்க்க வேண்டும். அதில் பலவும் ஏற்கெனவே .458 லாட்டாகவே வந்தவை என்பது வேறு விஷயம். அதை வாங்கினால் கட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை, கட்டையைத் தவிர. முதலாம் உலகப் போர்க்கால எம்1917 என்ஃபீல்டும் நீளமானது, கனமானது, இன்னும் விலை குறைவு. ஏ-ஸ்கொயர் நிறுவனம் தன் பெரிய ரைஃபிள்களை இந்த வம்சத்தின் மேல்தான் கட்டியது. எடிஸ்டோன் ஆலையில் செய்த சிலவற்றில் குழலை அளவுக்கு மீறி முறுக்கிவைத்ததால் கழற்றும்போது ரிசீவர் விரிசல் விடுவது தெரிந்த சங்கதி. வாங்கினால் விரிசல் சோதனை செய்துவிட்டு மற்ற செலவைத் தொடங்குங்கள்.

ரூகர் நம்பர் 1 மாதிரி ஒற்றைத் தோட்டா ரைஃபிளை ஏன் யாரும் சொல்வதில்லை என்று எனக்குப் புரிவதில்லை. மேகசின் இல்லை, ஆகவே நீளப் பிரச்சினையும் தோட்டா ஏறும் பிரச்சினையும் இல்லை. காட்டெருமை முன்னால் நிற்க ஒற்றைத் தோட்டாவோடு போக வேண்டாம்தான். ஆனால் பன்றிக்கும் எல்க்குக்கும், முக்கியமாக ஆசைக்கும், இதைவிட எளிய அடித்தளம் இல்லை.

எதுவானாலும் கட்டையில் இரண்டு குறுக்கு போல்ட், நல்ல பெட்டிங் (ரிசீவர் கட்டையில் ஆடாமல் பதியும்படி செய்வது), முடிந்தால் குழலின் கீழ் உதையைக் கட்டைக்குக் கடத்தும் இரண்டாவது ரிகாயில் லக். லாட் அளவு உதையில் அழகான வால்நட் கட்டை பிளப்பது அபூர்வம் இல்லை. சேம்பர் வெட்டுவதையும் ஹெட்ஸ்பேஸ் பார்ப்பதையும் பெரிய தோட்டாவில் பழகிய கன்ஸ்மித்திடம் விட்டுவிடுங்கள். மொத்தச் செலவு மூவாயிரம், நாலாயிரம் டாலரைத் தொடாமல் முடிவது அபூர்வம்; விற்கப் போனால் உதிரி பாக விலைதான் கிடைக்கும். உங்கள் ஆசை அடுத்தவருக்கு இருக்காது.

என் வரிசை இப்படி: வீட்டில் நல்ல மௌசர் 98 சும்மா கிடந்தால் டெய்லர். ஆப்பிரிக்கா என்றைக்காவது உறுதி என்றால், அல்லது வாரா வாரம் ஈயக் குண்டு சுடுவதுதான் சந்தோஷம் என்றால், நீண்ட ஆக்‌ஷனில் லாட். வீலன், அதன் தோளைப் பற்றி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாதாடத் தயாராக இருப்பவருக்கு மட்டும்.

ஆர்டர் போடும் வரிசையிலும் கவனம் வேண்டும். முதலில் டையும் ஐம்பது, நூறு பித்தளைக் கூடும் கையில் வரட்டும். வைல்ட்கேட் டை பட்டறையில் தனியாகச் செய்து வருவது. மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். 2020-க்குப் பிறகு பெரிய ரைஃபிள் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) கடைகளில் காணாமல் போன காலத்தை நினைவில் வைத்து, அதையும் முன்கூட்டியே வாங்கிவையுங்கள். பிறகு நீங்கள் சுடப்போகும் அதே குண்டை வைத்து, மருந்தும் பிரைமரும் இல்லாத மாதிரித் தோட்டா நாலைந்து செய்யுங்கள். அவற்றைக் கன்ஸ்மித் கையில் கொடுத்தால் சேம்பரின் தொண்டை நீளமும் மேகசினின் வேலையும் அதை வைத்தே அமையும். குழலுக்குப் பணம் கட்டுவது அதற்கு அப்புறம்.